தேய்வதற்கென்று ஒரு பாகம்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஓர் எழுதாத சட்டம் உண்டு. எது ‘ஒரிஜினலோ’ அதுதான் உயர்ந்தது. தொழிற்சாலையில் பொருத்திய அதே என்ஜின், அதே எண்ணோடு இருக்க வேண்டும். பெயிண்ட் அன்றைய நிறப் பட்டியலில் இருந்ததாக இருக்க வேண்டும். இருக்கையின் தோல் வெடித்துப் போயிருந்தால்கூட அவசரப்பட்டு மாற்றமாட்டார்கள். அந்த வெடிப்புக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. ஸ்டியரிங், ஸ்பீடோமீட்டர், கதவுக் கைப்பிடி என்று எதைத் தொட்டாலும் முதல் கேள்வி, ‘இது அப்பவே வந்ததா, பின்னால மாத்துனதா?’ என்பதுதான்.

இந்தச் சட்டம் செல்லாத ஒரு பாகம் உண்டு. டயர். 1965இல் செய்த காரில் 1965ஆம் ஆண்டு டயரே இருந்தால் யாரும் மெச்சமாட்டார்கள். ‘இதுலயா ஓட்டிட்டு வந்தீங்க?’ என்று பயந்துவிடுவார்கள். ரப்பருக்கு வயதாகும். ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தாலும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதை இறுக்கி, வெடிக்க வைத்துவிடும். அதனால்தான் டயரின் பக்கவாட்டில் அது பிறந்த தேதியைப் பதித்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து அது நான்கு இலக்கம். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பத்து வருடம் தாண்டினால், பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும் கழற்றிவிடச் சொல்கிறார்கள்.

ஆக, காரில் மற்ற எல்லாம் பாதுகாக்கப்பட வேண்டியவை. டயர் மட்டும் தேய்ந்து தீர வேண்டியது. இத்தனைக்கும் முழுக் காரில் ரோட்டைத் தொடுவது அது ஒன்றுதான்.

பொறியியல் கணக்கில் இதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நெகிரி செம்பிலான் தோட்டத்து வம்சத்தில் வந்த ஒருவன் இதைக் கொஞ்ச நேரம் யோசித்தால் வேறொரு இடத்தில் போய் நிற்பான். நீடித்து நிற்பதைப் போற்றுகிறோம். தேய்ந்து வேலை செய்வதை மாற்றிவிடுகிறோம். அப்படித் தேய்வதற்கென்று வைக்கப்பட்டவர்கள் மனிதர்களாக இருந்தால், அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்ன? அதை எப்போது, யாரிடம் கட்டுவது?

*

நான் மெக்கானிக்கல் படித்தவன். உள்ளூர்ப் பல்கலைக்கழகம்தான். செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சிரம்பானில் பழைய பிரிட்டிஷ் கார்களைப் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமைகளில் அவருடைய பட்டறைக்குப் போய் கார்புரேட்டர் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் பொழுதுபோக்கு. அவர்தான் ஒருநாள், ‘தம்பி, ஞாயித்துக்கெழம கிளப்புக்காரங்க கூடுறாங்க. கைக்கு ஆள் வேணும், வர்றியா?’ என்றார். முதல் வாரம் சிரம்பானில் கூடி, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டச் சாலைகள் வழியாகப் போர்ட்டிக்சன் வரைக்கும் ஓட்டம். அடுத்த வாரம் செப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் டே.

பதினெட்டு கார்கள் வந்திருந்தன. எம்ஜிபி மட்டும் ஐந்து. ஒரு ஜாகுவார் இ-டைப், இரண்டு டிரையம்ப், ஓர் ஆல்ஃபா ரோமியோ, கொஞ்சம் புதுசாக லோட்டஸ் எலீஸ். டாக்டர், வக்கீல், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, இரும்புக் கடைக்காரர் என்று கலவையான கூட்டம். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் இருந்தார்கள். பெரிய பந்தா இருக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படி ஒன்றும் இல்லை. ஒருவர் காரின் பானெட்டைத் திறந்தால் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி விசாரிக்கிறார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து எண்ணெய் எங்கே கசிகிறது என்று எனக்குக் காட்டினார். பராமரிப்பு என்பது ஒரு நல்ல குணம். அதை அங்கே நேரில் பார்த்தேன்.

ஓர் எம்ஜிபிக்காரர் ஒரு தடித்த கோப்பைத் திறந்து காட்டினார். இங்கிலாந்தின் கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய தயாரிப்புப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறது. அந்தக் கார் எந்தத் தேதியில் செய்து முடிக்கப்பட்டது, என்ன நிறம், என்ஜின் எண் என்ன, எங்கே அனுப்பப்பட்டது எல்லாம் அதில் இருந்தது. அதற்குப் பின்னால் ஒவ்வோர் உரிமையாளரின் பெயர், ஒவ்வொரு சர்வீஸின் ரசீது. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். ஐந்து லட்சத்தில் ஒன்றுக்கு இவ்வளவு தெளிவான ஜாதகம்.

இந்த நாட்டில் தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல், சிவப்பு அடையாள அட்டையோடு ஆயுளை முடித்த தமிழர்கள் உண்டு என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோப்பை மூடிக் கொடுக்கும்போது அது ஞாபகத்துக்கு வந்தது. அவரிடம் சொல்லவில்லை. அது அவர் செய்த தப்பு இல்லை.

ரந்தாவைத் தாண்டியதும் இரு பக்கமும் செம்பனை. ஒரு காலத்தில் பால்மரக் காடு. லயங்கள் இருந்த அடையாளம்கூடச் சில இடங்களில் இல்லை. ஒரு வளைவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காக எங்கள் வரிசை நின்றது. வேலையாட்கள் நாலைந்து பேர், பங்களாதேஷ் பையன்கள், சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்துக் கார்களைப் படம் பிடித்தார்கள். வாக்கிடாக்கியில் எங்கள் ஆள் ஒருவரின் குரல் தமிழில் வந்தது: ‘பங்ளா பசங்க ரொம்ப பேர் இருக்கானுங்க. காடிய நிறுத்துனா கண்ணு வெச்சுக்குங்க.’ யாரோ சிரித்தார்கள். வரிசை நகர்ந்தது.

அந்த வீடியோக்களைப் பாட்டியிடம் காட்டினேன். அப்பாவின் அம்மா. ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மரம் வெட்டியவர்.

‘இதே மாதிரி ஒண்ணு சின்ன தொரை வெச்சிருந்தான். கூரை இல்லாத காடி. சத்தம் கேட்டாலே நாங்க ரோட்ட விட்டு எறங்கி நிக்கணும்.’

‘கோவமா வருமா பாட்டி?’

‘எதுக்குடா கோவம்? காடி அழகாத்தான் இருக்கும்.’

செப்பாங்கில் என்ன செய்வார்கள் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். ‘சுத்திச் சுத்தி ஓட்டிட்டு கெளம்புன எடத்துக்கே வந்து நிப்பாங்களா? அதுக்குக் காசு வேற கட்டுவாங்களா?’ பிறகு அவரே சிரித்தார். ‘நாங்களும் அப்படித்தான் ஓடுனோம். ஆனா எங்களுக்கு அவங்க காசு குடுத்தாங்க. கொஞ்சூண்டு.’

*

பாட்டியின் உளிக்கும் அந்த எம்ஜிபியின் டயருக்கும் உள்ள உறவு கவித்துவமான ஒப்புமை இல்லை. நேரான வரலாறு. காற்றடைத்த டயருக்கு ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு, 1876இல், ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை அங்கே ரிட்லி வகுத்தார். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் கார்கள் பெருகின. 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் கட்டி வந்தார்கள். கரும்புக்கும் காப்பிக்கும் ரயில் பாதைக்கும் முன்னமே தமிழர்கள் வந்திருக்கிறார்கள்தான். ஆனாலும் டயர் என்ற ஒன்று இல்லாவிட்டால் மலேசியத் தமிழர் என்று இன்று நாம் சொல்லும் சமூகத்தின் பெரும்பகுதி இங்கே இருந்திருக்காது.

நெகிரி செம்பிலானில் இந்த உறவு பெயரோடவே இருக்கிறது. பகாவ் பக்கத்தில் கெடிஸ் தோட்டம். டன்லப் கம்பெனியின் தோட்டம் அது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் டன்லப் தலைவராக இருந்த சர் எரிக் கெடிஸின் பெயர். அதே டன்லப்பின் டயரில்தான் ஜாகுவார் 1955, 1956, 1957 என்று தொடர்ந்து மூன்று வருடம் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. லெ மான் தடத்தின் மேலே டன்லப் பெயர் தாங்கிய ஒரு பாலம் இன்றும் நிற்கிறது. கம்பெனிக்குப் பாலம், தலைவருக்குத் தோட்டம். காருக்கு அருங்காட்சியகம். ஓட்டியவர்களுக்குப் புத்தகங்கள். பெரட்டில் பேர் கூப்பிடப்பட்டவர்களின் பேர் மட்டும் பெரட்டோடு முடிந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு சாதாரண கார் டயரின் எடை ஏறக்குறைய 9 கிலோ. இன்றைய டயரில் செயற்கை ரப்பர், கரித்தூள், எஃகுக் கம்பி எல்லாம் போக இயற்கை ரப்பர் சுமார் ஒன்றரைக் கிலோ வரும். இழுத்தால் இயற்கை ரப்பரின் மூலக்கூறுகள் வரிசையாகிப் படிகமாகின்றன. அதனால் கிழிவைத் தாங்கும், சூடும் குறைவாக ஏறும். விமான டயர்களில் இன்னும் அதுதான் பிரதானம். ஒரு மரத்தை ஒருமுறை வெட்டினால் கிடைக்கும் உலர்ந்த ரப்பர் தோராயமாக 30 கிராம். அப்படியென்றால் ஒரு டயருக்கு 50 வெட்டு. நாலு டயருக்கு 200. ஒரு காலையில் ஒருவர் வெட்டுவது 500 மரம் அளவில்.

அதாவது ஒரு காரின் நாலு டயருக்குப் பாட்டியின் ஒரு காலைப் பொழுதில் பாதிகூட வேண்டாம். பாட்டி காலத்து மரங்கள் இவ்வளவு பால் கொடுத்திருக்காது. அன்றைய டயரில் இயற்கை ரப்பர் இன்னும் கூடுதலாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கினாலும் ஒன்றிரண்டு நாளைக்கு மேல் போகாது.

பெரிய எண் ஒன்று வரும், அதை வைத்து ஆவேசமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வந்தது அற்ப எண். ஆனால் யோசிக்க யோசிக்க அந்த அற்பம்தான் விஷயம் என்று பட்டது. ஒரு காரின் சொந்தக்காரர் பாட்டிக்குப் பட்ட கடன் அரை நாள். ஒரு பங்குதாரருக்குக் கிடைத்தது சில காசு லாபம். கிராணி போட்ட பிடித்தம் ஒரு சிறு தொகை. தொரை செய்தது மேலிடத்து உத்தரவு. ஒவ்வொருவர் பங்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு. பாட்டியின் பக்கம் வந்து பார்த்தால் முப்பது வருடம், நிமிராத முதுகு, விடியலுக்கு முந்தின இருட்டில் கொசுக்கடி, ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள்.

ஆக்ஸ்ஃபர்ட் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியான ‘ரீசன்ஸ் அண்ட் பர்சன்ஸ்’ நூலில் இதற்கு ஒரு கற்பனைக் கதை சொல்கிறார். ஆயிரம் கைதிகள், வதைப்பவர்கள் ஆயிரம் பேர். முன்பெல்லாம் ஒவ்வொருவனும் ஒரு கைதியைப் பிடித்து முழு வலியையும் கொடுத்தான். பிறகு முறையை மாற்றிக்கொண்டார்கள். இப்போது ஒவ்வொருவனும் ஒரு பொத்தானை அழுத்துகிறான். ஆயிரம் கைதிகளுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு வலி கூடுகிறது. கைதிக்கே தெரியாத அளவு. ஆயிரம் பேரும் அழுத்தியதும் பழைய வலி அப்படியே வந்துவிடுகிறது. ஆனால் யாரைக் கேட்டாலும், ‘நான் யாருக்கும் வலி கொடுக்கலையே’ என்கிறான். அவன் சொல்வது அவன் அளவில் பொய்யும் இல்லை. தனித்தனிப் பங்கை மட்டும் பார்த்தால் நியாயம் தப்பிப்போகிறது, நாம் சேர்ந்து என்ன செய்தோம் என்று பார்க்க வேண்டும் என்கிறார் பார்ஃபிட்.

கடனைப் பொடிப்பொடியாக உடைத்துவிட்டால் கடன்காரன் இல்லாமல் போய்விடுவான். வாங்க வேண்டியவர் மட்டும் முழுசாக மிஞ்சுவார். தோட்டப் பொருளாதாரத்தின் சாமர்த்தியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

*

செப்பாங் சர்க்கிட் சிலாங்கூரில் இருக்கிறது, நம் மாநில எல்லைக்குப் பக்கத்தில். 1998இல் விமான நிலையமும் 1999இல் இந்தத் தடமும் வருமுன் அந்த வட்டாரம் தோட்டக்காடு. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் இங்கே நடந்தது. கோயம்புத்தூர்க்காரர் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக இங்கே ஓட்டினார்.

டிராக் டே என்பது பந்தயம் கிடையாது. யாரும் நேரம் கணக்கிட மாட்டார்கள். ஹெல்மெட் கட்டாயம். முந்திப் போக விதி உண்டு. கொடி காட்டினால் கட்டுப்பட வேண்டும். முதல் சுற்று டயரையும் பிரேக்கையும் சூடாக்க, கடைசிச் சுற்று ஆற்ற. என் வேலை டயர்க் காற்று பார்ப்பது. குளிர்ந்திருக்கும்போது 26 பிஎஸ்ஐ வைத்து அனுப்பினால் நாலு சுற்று முடிந்து வரும்போது 30ஐத் தாண்டியிருக்கும். இறக்கி, குறித்துக்கொண்டு, மறுபடி அனுப்ப வேண்டும். கையை வைத்தால் ரப்பர் கொதிக்கும். தடத்தின் ஓரத்தில் டயரிலிருந்து உரிந்த கருப்பு உருண்டைகள் ஆட்டுப் புழுக்கை மாதிரி சிதறிக் கிடக்கும்.

மதியத்துக்குப் பிறகு ஒரு எம்ஜிபியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மூன்று சுற்று போனேன். நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் பிரேக் பிடித்து வளைவுக்குள் நுழையும்போது வண்டி முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து, நாலு டயரும் முனகி, அப்படியே பிடித்து நிற்கிறது. சொல்லத் தெரியாத சந்தோஷம். பாட்டி ரோட்டை விட்டு இறங்கி நின்றார் என்பதற்காக அந்தச் சந்தோஷம் பொய்யாகிவிடாது. பாட்டியே சொன்னது போல, காடி அழகாகத்தான் இருக்கிறது.

டீ குடிக்கும்போது என் கணக்கை அண்ணனிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டுக் கேட்டார்: ‘சரி, இப்ப என்னா செய்யணும்ங்கிற? இவங்கெல்லாம் காடிய வித்துட்டு அழுவணுமா? எங்கப்பாவும் மரம் வெட்டுனவருதான்டா. இந்தக் காடிங்கதான் எம்புள்ளைங்கள யூனிவர்சிட்டி அனுப்புது.’

அவர் சொல்வது சரி. ஒருவரின் சந்தோஷத்தில் கொஞ்சம் குற்றவுணர்ச்சியைக் கலந்துவிடுவதால் யாருக்கும் எதுவும் கிடைத்துவிடப் போவதில்லை. குற்றவுணர்ச்சி அனுபவிப்பவருக்கே சொந்தமான ஒரு பொருள். அது கடனைக் கட்டாது.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். தடத்தில் ரப்பர் ஏறியிருந்தால் அடுத்து வரும் காருக்குப் பிடிமானம் கூடும். ‘முன்னால போனவன் தேஞ்சதுல பின்னால வர்றவனுக்கு கிரிப்பு.’ நம் முன்னோர்களுக்குச் சரியான உருவகம் என்று மனம் உடனே அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் மூன்று மணிக்கு மழை வந்தது. ரப்பர் ஏறிய அதே கோடு ஈரத்தில் எல்லாவற்றையும்விட வழுக்கும், அதை விட்டு விலகி ஓட்டச் சொல்கிறார்கள். முன்னோரின் தியாகம் நம்மைத் தாங்குகிறது என்று பேசுவது வெயில் காலத்துக்கு மட்டுமான பேச்சு. தேய்ந்தவர்கள் நமக்காகத் தேய ஒப்புக்கொண்டு தேய்ந்ததாக ஒரு பதிவும் இல்லை.

*

கடன் என்று ஒன்று இருந்தால் அதை எப்படிக் கட்டுவது? நமக்குத் தெரிந்த முதல் வழி பாதுகாப்பது. கார்க்காரர்கள் காரைப் பாதுகாப்பது போல நாம் தோட்டத்தைப் பாதுகாக்க முயல்கிறோம். உளியும் மங்கும் காண்டா வாளியும் இன்று சாப்பாட்டுக் கடைச் சுவரில் தொங்குகின்றன. தோட்டத்து நினைவுகள் நம் கதைகளில் நிறைய வருகின்றன. நானும் விரும்பிப் படிப்பவன். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நீடிப்பது எதுவோ அதைத்தான் பாதுகாக்க முடியும். உளி இரும்பு, அதனால் இருக்கிறது. தொரை பங்களா செங்கல், அதனால் இருக்கிறது. பட்டையை எத்தனை ஆழம் சீவலாம், எங்கே நிறுத்தினால் மரம் காயப்படாது என்று பாட்டியின் மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்ததே, அதை எந்தச் சுவரில் தொங்கவிடுவது? தேய்வதன் வேலையே தேய்வதுதான். அதை அருங்காட்சியகத்தில் வைக்க முடியாது. மரபு என்று நாம் சேமிப்பது எப்போதும் தேயாதவர்களின் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

இரண்டாவது வழி கணக்கு. கம்பெனிக் கணக்கில் இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுவார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு தொகையைத் தேய்ந்ததாகக் கழித்து, அது ஓடி முடிவதற்குள் புதிது வாங்க வழி செய்வார்கள். ரப்பர் மரத்துக்கே அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. 25, 30 வருடத்தில் மரம் ஓயும் என்று தெரிந்து, 1950களிலேயே மறுநடவுக்கு நிதி வைத்தார்கள். மனிதருக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. இபிஎஃப் சேமநிதி 1951லேயே வந்துவிட்டது. ஆனால் அது சம்பளத்தின் ஒரு பங்கு. சம்பளமே சொற்பமாக இருந்தால் அதன் பங்கு என்னவாக இருக்கும்? மரம் ஓய்ந்தால் அதே மண்ணில் புது மரம். தோட்டத் துண்டாடலிலும், பின்பு செம்பனை மாற்றத்திலும், வீட்டுமனைத் திட்டங்களிலும் ஆள் ஓய்ந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். வேலையோடு வீடும் போனது.

எனக்கு விடை மாதிரி ஒன்று கிடைத்தது அண்ணனின் ஒரு பழக்கத்தில். எந்தக் கார் பட்டறைக்கு வந்தாலும் அவர் என்ஜினைப் பார்க்குமுன் குனிந்து டயரின் அந்த நாலு இலக்கத்தைப் படிப்பார். ஏன் என்று கேட்டால், ‘என்ஜின் நின்னா வண்டி நிக்கும், அவ்ளோதான். டயர ஓடிக்கிட்டிருக்கும்போதே பாத்துக்கணும். வெடிச்சப்புறம் பாத்து என்னா புண்ணியம்?’ என்பார். நீடிக்கும் பொருளுக்குப் பிறகு மரியாதை செய்யலாம். ஐம்பது வருடம் கழித்துத் தூசி தட்டிப் பாலிஷ் போடலாம். தேயும் பொருளுக்கு அந்த வசதி கிடையாது. அதற்குச் செய்ய வேண்டியதை அது வேலையில் இருக்கும்போதே செய்தாக வேண்டும். நாள் தாண்டினால் கடன் அப்படியே நிற்கும், கட்டுவதற்கான ஆள் இருக்கமாட்டார்.

இதை ஒப்புக்கொண்டால் வசதியில்லாத ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. பாட்டிக்குச் சேர வேண்டியதில் பெரும்பகுதியை இனி யாராலும் கொடுக்க முடியாது. ஆனால் அவர் நின்ற அதே இடத்தில் இன்று வேறொருவர் நிற்கிறார். 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறை கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி சைம் டார்பி பிளாண்டேஷனின் பாமாயிலைத் தடுத்தது. நிறுவனம் சீர்திருத்தங்கள் செய்து, 2023 பிப்ரவரியில் அந்த முடிவு மாற்றப்பட்டது. அதே 2020இல் ஒரு பெரிய ரப்பர் கையுறை நிறுவனத்துக்கும் இதே மாதிரி தடை வந்து 2021இல் நீங்கியது. அந்த நாட்களில் செய்திகளில் அடிபட்ட சொற்களைப் பாருங்கள்: வேலைக்கு வர வாங்கிய கடன், கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்ட கடப்பிதழ், நெருக்கியடித்த தங்குமிடம். கங்காணி கொடுத்த முன்பணமும் அதைக் கழிக்க முடியாமல் ஓடிய வருடங்களும் நம் வீட்டுக் கதைகள்தானே? ரப்பர் கையுறையோ டயரைவிடச் சீக்கிரம் தேய்வது. ஒருமுறை மாட்டினால் குப்பை.

இதற்கு நம்மிடையே ஒரு பதில் உண்டு. ‘இவனுங்க வந்துதான் நம்ம ஆளுங்களுக்கு வேலை போச்சு, சம்பளம் ஏறல.’ இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. சம்பளத்தை உயர்த்துவதற்குப் பதில் மலிவான ஆட்களை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள் என்பது உண்மை. ஆனால் நூறு வருடத்துக்கு முன் அதே காரணத்துக்காகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட மலிவான ஆட்கள் நாம்தான். ஆள் மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் நடைமுறைக்கு வந்து, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. தோட்டத்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அது சட்டப்படி பொருந்தும். அது கைக்குச் சேர்கிறதா, பிடித்தம் போக எவ்வளவு நிற்கிறது என்று கேட்பது அவர்களுக்குச் செய்யும் தர்மம் இல்லை. நமக்குக் கிடைக்காத நியாயம் எப்படி இருக்கும் என்று நமக்குத்தான் தெரியும், அதனால் கேட்க வேண்டியவர்களும் நாம்தான்.

அன்று வாக்கிடாக்கியில் வந்த அந்தக் குரல் கெட்ட மனிதரின் குரல் இல்லை. அவர் மகன் படிப்பதற்குத் தமிழ்ப்பள்ளி நிதிக்கு அள்ளிக் கொடுப்பவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவருடைய அப்பாவும் தோட்டம்தானாம். ஒரு தலைமுறையில் ரோட்டை விட்டு இறங்கி நிற்கும் இடத்திலிருந்து கூரையில்லாத காருக்கு வந்துவிட்டோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உழைத்து வந்தது. காரில் ஏறியதும் தொரையின் கண்ணும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ள வேண்டுமா என்பதுதான் கேள்வி. வார்த்தைகள் அற்பம்தான், ஒரு சிரிப்பு அளவுக்குத்தான். ஆனால் பார்ஃபிட்டின் ஆயிரம் பொத்தான்களில் அதுவும் ஒன்று.

யாரும் பழைய கார் ஓட்டக் கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த டிராக் டேக்கும் போவேன், காற்றுப் பார்ப்பேன், யாராவது கூப்பிட்டால் மூன்று சுற்று ஏறிக்கொள்வேன். பாட்டிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அவருக்கு அருங்காட்சியகம் எதுவும் வேண்டாம். அவருக்கு வேண்டியிருந்தது நாற்பது வருடத்துக்கு முன்னால், ஒவ்வொரு மாதச் சம்பள நாளிலும், சரியான சம்பளம். அந்தத் தேதி போய்விட்டது. செம்பனைக் காட்டில் சிரித்துக்கொண்டே படம் பிடித்த அந்தப் பையன்களுக்கு அது இந்த மாதக் கடைசியில் வருகிறது.